சட்டையைக் கண்டால்

முப்பத்தொன்பது டாலர், வரி தனி.
சிவப்புச் சட்டை, இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில்
சேவை நாய், தொடாதீர்கள்.
கூடவே ஓர் அட்டை:
லட்டுவின் படம், ஏழு இலக்க எண், தங்க முத்திரை.
மருத்துவர் கடிதம் கேட்கவில்லை, பயிற்சி கேட்கவில்லை.
மார்பளவு மட்டும் கேட்டார்கள்.

எட்மண்டனில் அன்று மைனஸ் இருபத்தேழு.
வெளியில் கட்டிவிட்டுப் பால் வாங்கப் போக முடியாது,
வீட்டில் விட்டால் சோபாவைத் தின்றுவிடும்.
காரணம் கேட்டால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.
கேட்கத்தான் ஆளில்லை.
என் கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள்,
பார்த்ததற்கே வெட்கப்பட்டு வழிவிட்டார்கள்.
அந்த வெட்கத்தில் நான்
ஒரு பனிக்காலம் முழுக்கக் குளிர்காய்ந்தேன்.

பழமொழியைத் திருத்திக்கொள்ளலாம்:
சட்டையைக் கண்டால் நாயைக் காணோம்.

நாயைக் கண்டது பிப்ரவரியில்.
மில் உட்ஸ் பக்கம் ஒரு சூப் கடை, வாசலெல்லாம் ஈரக் காலணி.
மேசைக்கு அடியில் ஒரு கறுப்பு லாப்ரடார்
தரையோடு தரையாக, மூச்சு மட்டும் அசைய.
அதற்கு எழுத்துப் போட்ட சட்டைகூட இல்லை,
முதுகில் ஒரு தோல் பிடி, அவ்வளவுதான்.

லட்டு வாரை உருவிக்கொண்டு பாய்ந்தது.
கிண்ணம் உடைந்தது. யாரோ கத்தினார்கள்.
கறுப்பு நாய் திருப்பிக் கடிக்கவில்லை,
அதை அப்படி வளர்த்திருந்தார்கள்.
காது கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட
அவளுக்கும் லட்டுவுக்கும் நடுவில் வந்து நின்றது.

"உங்களுடையது சேவை நாயா?" என்றாள் அவள்,
என் மூச்சு வந்த பக்கம் சரியாகத் திரும்பி.
ஆமாம் என்றேன்.
வாய் பழகியிருந்தது.

காது ஆறிவிட்டது. ஜூனிபர் ஆறவில்லை.
வேறு நாயின் வாடை வந்தாலே
கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறதாம், நடுச்சாலையிலும்.
நான்கு வயதில் ஓய்வு.
அடுத்த நாய்க்கு இரண்டு வருட வரிசை.
சூப் கடைக்காரர் கதவில் தாள் ஒட்டினார்:
எந்த நாயும் கூடாது, எந்தச் சட்டையானாலும்.
அந்தத் தாளில் முதலில் முட்டியவன் தாராஸ்.
பத்தொன்பது வயது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால்
முகர்ந்து சொல்லும் நாயோடு வந்து
பனியில் நின்று திரும்பியிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
மரிசெல், அவள் பெயர் அது,
வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
நான் முடிக்கும்வரை சும்மா இருந்தாள்.
முடிக்க வெகுநேரம் ஆயிற்று.
பிறகு சொன்னாள்:
"இதனால் உங்களுக்குப் பாரம் குறையும்.
எனக்கு ஆவது ஒன்றுமில்லை.
மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுகிறோம், நானும் தாராஸும்,
அந்தக் கதவைப் பற்றி.
கடைக்காரர் உங்களைக் காட்டித்தான் தப்பிக்கப் பார்க்கிறார்.
அட்டை எங்கே வாங்கினீர்கள், என்ன விலை,
எத்தனை கடை ஏறினீர்கள், எழுதித் தாருங்கள்.
கருணைக்காக அந்தக் கதவில் நான் நிற்கவில்லை.
சூப் குடிக்கப் போனேன்."

எழுதினேன். மூன்று பக்கம்.
'உங்கள் குறைபாடு என்ன' என்று யாரும் கேட்டிராத கேள்வியை
நானே எழுதிப் பார்த்தேன்,
பதிலாக ஒரு கோடு போட்டேன்,
அடித்துவிட்டு, 'இல்லை' என்று எழுத்தில் எழுதினேன்.

சட்டை செருப்பு அலமாரியில் கிடக்கிறது.
ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும்.
லட்டுவுக்கு எழுத்து தெரியாது,
அதற்கு அது வெளியே போகிற துணி.
இன்று காலையும் வாயில் கவ்விக்கொண்டு வந்து
கதவருகே போட்டுவிட்டு, வாலை ஆட்டியபடி
என் முகத்தையே பார்க்கிறது.